கையைத் தூக்கிக்கிட்டு நின்ன ஹொரேஸ்

நான் டில்லி. கிரிம்டேல் நீராவி ரயில்ல வருஷக்கணக்கா டீ ஊத்தினவ. சம்பளம் கிடையாது. எங்க யாருக்குமே கிடையாது. சனி, ஞாயிறு வந்தா வீட்டுல அடங்கி இருக்க முடியாத ஜன்மங்க எல்லாம் சேர்ந்து ஓட்டுற ரயில் இது. டீ ஊத்துறதுல எனக்கு வெட்கம் ஒண்ணும் இல்ல. ஆனா கடைசிப் பெட்டியில பச்சைக் கொடியோட கார்டு நிக்கிறாரே, அவர் கொடி காட்டலைன்னா டிரைவர் எவ்வளவு பெரிய கொம்பனா இருந்தாலும் வண்டி நகராது. அந்தக் கொடி மேல எனக்கு ஆசை. பேராசைன்னே வச்சுக்குங்க. ரெண்டு தடவை பரீட்சையில கோட்டை விட்டாச்சு. மூணாவதும் போச்சுன்னா அப்புறம் கேக்கவே கூடாதுன்னு சட்டம், ஆயுசுக்கும் டீதான்.

அந்தச் சட்டத்தை எழுதினவர் ஹொரேஸ். எங்க ரயிலோட எல்லாச் சட்டமும் அவரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில பொறந்ததுதான். பரீட்சை வைக்கிறவரும் அவரேதான். என் மூணாவது பரீட்சைக்குக் கிடைச்ச நாளைப் பாருங்க: அக்டோபர்ல ஓடுற போட்டோக்காரங்க ஸ்பெஷல்ல, அவரு முன்னாடி நான் கார்டு வேலை பாக்கணும்!

இந்த போட்டோக்காரங்க மாதிரி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்ல. காசு குடுத்து டிக்கெட் வாங்குவாங்க, ஆனா வண்டியில உக்கார மாட்டாங்க. நடுக்காட்டுல நிறுத்தி ஏணி வச்சு இறக்கி விடணும். வண்டி பின்னாடி போய், காலியா, புகையைக் கக்கிக்கிட்டு இவங்களைத் தாண்டி ஓடணும். இவங்க படம் எடுப்பாங்க. அப்புறம் திரும்பி வந்து ஏத்திக்கணும்.

பாறைமேட்டுக்குப் பக்கத்துல வண்டியை நிறுத்தி எல்லாரையும் இறக்கினேன். ஹொரேஸும் இறங்கினாரு. மேலே பளபளன்னு ஆரஞ்சு நிறத்துல ஒரு கோட்டு.

"யோவ் ஆரஞ்சு! நகருய்யா அந்தப் பக்கம்!"

"அழகான மலைக்கு முன்னாடி பூசணிக்கா மாதிரி நிக்கிறாரே மனுஷன்!"

பாவம், ஹொரேஸ் இந்தக் கோடிக்குப் போனாரு, கத்தினாங்க. அந்தக் கோடிக்குப் போனாரு, அங்கேயும் கத்தினாங்க. கடைசியில கடைசிப் பெட்டிக்குப் பின்னாடி வந்து, என் முன்னால விறைப்பா நின்னாரு.

"கார்டு, தண்டவாளத்தைக் கடந்து அந்தப் பக்கம் போகலாமா?"

கார்டு அனுமதி இல்லாம யாரும் கடக்கக் கூடாது. அதுவும் அவர் எழுதினதுதான். என்னை ஆழம் பாக்குறாருன்னு எனக்குத் தெரியாதா? "நில்லுங்க"ன்னேன். ரெண்டு பக்கமும் பாத்தேன். "ம், இப்பப் போங்க." தலையை ஆட்டிக்கிட்டுப் போய் ஒரு முள்ளுப்புதருக்குப் பின்னாடி குந்திக்கிட்டாரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குளிர்ச்சி. இந்தத் தடவை கொடி நமக்குத்தான்னு நெனச்சேன்.

வண்டி பின்னாடி போச்சு, பாய்ஞ்சு வந்துச்சு. புகை சரியில்லன்னாங்க. மறுபடி போனோம், வந்தோம். ஒருத்தர் நிழல் விழுந்துச்சுன்னு அழாத குறை. ஒருவழியா ஏணியை வச்சு ஏத்துனேன். ஒவ்வொரு தலையா எண்ணினேன், டிக்கெட் கணக்குக்குச் சரியா இருந்துச்சு. எஞ்சின் வேற காது கிழியற மாதிரி ஆவியை விட்டுக்கிட்டிருந்துச்சு. விசிலடிச்சேன், கொடி காட்டினேன், கிளம்பினோம்.

டிக்கெட் வாங்காதவரு ஒருத்தர் உண்டுங்கறது என் மண்டையில ஏறவே இல்ல.

மெதுவா நகரும்போதே முன் பெட்டிகள்ல ஒரே குதூகலம். "அங்க பாருங்க, யாரோ கை காட்டுறாங்க!" நீராவி வண்டி போனா எங்க ஊர்ல ஆடு மேய்க்கிறவரும் கை ஆட்டுவாரு, பாதிரியாரும் ஆட்டுவாரு. பதிலுக்கு ஆட்டாட்டி மரியாதை இல்ல. எல்லா ஜன்னல்லயும் கை ஆடுச்சு. என் பெட்டி அந்த இடத்துக்கு வந்தப்போ பழக்க தோஷம், நானும் பல்லைக் காட்டி ஆட்டினேன்.

அப்பத்தான் பாத்தேன். அந்த ஆளு கையை ஆட்டல. ரெண்டு கையையும் தலைக்கு மேல நேரா தூக்கிக்கிட்டு நிக்கிறாரு. எங்களுக்கு முதல் பாடமே அதுதான்: யாரு அப்படி நின்னாலும் 'நிறுத்து'ன்னு அர்த்தம். ஆரஞ்சு கோட்டு. ஐயோ, ஹொரேஸ்!

டீ ஊத்துற மேவிஸ் தட்டோட என் பின்னாடி வந்து எட்டிப் பாத்தா.

"அடிப்பாவி டில்லி, பரீட்சைக்காரரையே விட்டுட்டு வந்துட்டியே! நிறுத்தித் தொலைக்காதே. அடுத்த ஸ்டேஷன்ல போய், ஏறிட்டீங்கன்னு நெனச்சேன்னு சொல்லிக்கலாம். இப்ப நிறுத்தினா ஊரே பாக்கும்டி, உன் கொடி போச்சு!"

அவ சொன்னது நியாயமாத்தான் பட்டுச்சு. ஆனாலும் என் கை பிரேக்கை இழுத்துடுச்சு. வண்டி குலுங்கி நின்னுச்சு, மொத்த டீயும் மேவிஸ் மேல.

சிவப்புக் கொடியோட இறங்கி ஓடினேன். வண்டி நின்னப்புறமும் அந்த மனுஷன் அசையல. முகமெல்லாம் முள் கீறல். நின்ன இடத்துலயே நின்னுக்கிட்டு கேக்குறாரு:

"கார்டு, கடக்கலாமா?"

அடக் கடவுளே! இந்த அனுமதிக்காகத்தான் வண்டி வந்து நின்ன நேரம் பூரா அந்தப் பக்கமே நின்னு கத்திக்கிட்டிருந்திருக்காரு. ஒரே ஓட்டத்துல பின்பக்கமா கடந்து வந்து ஏறியிருக்கலாம்.

"வாங்க"ன்னேன். "கொடியை இப்பவே குடுத்துடவா?"

"வண்டி இன்னும் ஊர் போய்ச் சேரல. போய் வேலையைப் பாரு."

வழி பூரா அவர் முள்ளைப் பிடுங்கிக்கிட்டே வந்தாரு. எனக்கு அழுகையா வந்துச்சு. ஸ்டேஷன்ல எல்லாரும் இறங்கினப்புறம் கொடியை நீட்டினேன். அவர் வாங்கல.

"கிளம்பறப்போ ரெண்டு பக்கமும் பாக்கல. அது பெரிய தப்பு. ஆனா நான் கையைத் தூக்கினதை ரயிலே பாத்துச்சு. எல்லாரும் டாட்டா காட்டினாங்க. நீ ஒருத்திதான் நிறுத்தின."

"நானும் முதல்ல டாட்டா காட்டினேன், ஹொரேஸ்."

"பாத்தேன்"னாரு. "நாளைக்குக் காலையில முதல் வண்டி உன்னுது. தாமதமா வராதே."

எங்க ரயிலோட அடுத்த வருஷக் காலண்டர்ல அக்டோபருக்கு ஒரு படம் போட்டாங்க: முள்ளுப்புதர் பக்கத்துல ஆரஞ்சு கோட்டுப் போட்ட ஒருத்தர், ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு. கீழே 'ரயிலைக் கண்ட ஆனந்தம்'னு எழுதியிருந்துச்சு. அதைக் கிழிச்சு என் பெட்டியில மாட்டியிருக்கேன். அதைப் பாத்தாலே என் கழுத்து தானா ரெண்டு பக்கமும் திரும்பிடும்.

ஹொரேஸ் இப்பவும் சனிக்கிழமை வருவாரு. வாசல்ல நின்னு படத்தை முறைப்பாரு. அப்புறம் கேப்பாரு: "கார்டு, ஏறலாமா?"

"நில்லுங்க"ம்பேன். நிப்பாரு.