ஏழரை மணிச் செய்தி

பதினான்கு வருடம் இந்தத் திண்டுக்கல்லுக்கு நான்தான் செய்தி வாசித்தேன். இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. என் தம்பி மகள் ஷைனியே போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, "எங்க இருக்கீங்க அத்தை, யூடியூப்ல தேடிப் பாத்துட்டேன், ஒண்ணுமே வரலையே" என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. முறுக்குத் தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு அடுப்படியில் போய் செத்த நேரம் நின்றுகொண்டேன்.

என் பெயர் புஷ்பமேரி. வயது அறுபத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் வருடங்கள் போயின, பிறகு அம்மாவும் போய்விட்டாள். தாடிக்கொம்பு வீட்டில் இப்போது நான் மட்டும். பிரிட்ஜ் ஓடும் சத்தம் நின்றால்தான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரியும்.

1999-லிருந்து 2013 வரை ராயப்பராஜ் அண்ணன் நடத்திய கேபிள் சேனலில் மாலை ஏழரை மணிச் செய்தி என்னுடையது. கலெக்டர் ஆய்வு, தோல் பதனிடுகிற ஷாப் தகராறு, எந்தத் தெருவுக்கு என்றைக்குத் தண்ணீர், கடைசியாக அன்றைக்கு ஊரில் இறந்தவர்கள் பெயர், உடல் எடுக்கிற நேரம். மொத்தம் கால் மணி நேரம். அந்த நாளில் நான் பூ மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் "செய்தி அக்கா வாராக" என்று முழம் போடுகிற கை ஒரு சுற்று கூடவே போடும். பிறகு வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வந்தது. எங்கள் சேனல் படுத்துவிட்டது. மூன்றே வருடத்தில் ஊர் என்னைச் சுத்தமாக மறந்துபோனது. இந்த ஊருக்கு ஞாபகம் என்றைக்குமே கொஞ்சம் மட்டுதான்.

அதனால்தான் இந்த பிப்ரவரியில் அறிவுச்செல்வி போன் செய்தபோது அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன். மதுரைப் பெண், முப்பது வயதிருக்கும். பழைய உள்ளூர்ச் செய்திப் படங்களைத் தேடிப்பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாதுகாக்கும் ஒரு குழுவில் வேலை. ராயப்பராஜ் அண்ணன் காலமான பிறகு, அவர் வீட்டு மாடியில் கிடந்த அறுநூற்றுச் சொச்சம் டேப்புகளை அவர் மனைவி இவர்களிடம் கொடுத்துவிட்டார். டேப்பில் இருப்பது யார், எந்த இடம், என்ன விஷயம் என்று சொல்ல ஆள் வேண்டும். படம் எடுத்த ஜெரோம் பக்கவாதம் வந்து கோவையில் மகன் வீட்டில் கிடக்கிறான். மிச்சம் நான்தான்.

"நீங்க வந்து அடையாளம் சொன்னாப் போதும் மேடம். நூறு வருஷம் கழிச்சு இந்த ஊரப் பத்தித் தேடுறவங்களுக்குக்கூட இது கிடைக்கும்" என்றாள்.

நூறு வருஷம் என்ற அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. ஊர் வரலாற்றைக் காப்பாற்ற வேண்டும் என்ற பெரிய எண்ணமெல்லாம் எனக்கு இல்லை, பொய் சொல்வானேன். அறுநூறு டேப்பில் எங்காவது ஒரு நிமிடமாவது நான் இருப்பேன். அதற்குக் கீழே "புஷ்பமேரி, செய்தி வாசிப்பாளர்" என்று எழுதி வைத்துவிட்டால், பிள்ளைகுட்டி இல்லாத எனக்குப் பேர் சொல்ல ஒரு இடம் ஆயிற்று. அதற்காகத்தான் போனேன்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. ஜன்னலில் மலைக்கோட்டையின் ஒரு பக்கம் தெரியும். ஒரு மணி நேர டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. டேப் ஓடும், நான் சொல்வேன், அவள் டைப் அடிப்பாள். பட்டணத்துப் படிப்பு படித்த பெண், எதைப் பார்த்தாலும் பெரிதாக எழுதிவிடுவாள்.

காலிக் குடங்களோடு ஒரு கூட்டம் வந்தபோது 'விவசாயிகள் போராட்டம்' என்று அடித்தாள்.

"அழி, அழி. அது போராட்டம் இல்லம்மா. குஜிலியம்பாறைப் பக்கத்து ஆளுக. தண்ணி கேட்டு கலெக்டர்கிட்ட மனு குடுக்க வந்து நிக்கிறாக."

"எல்லாரும் குடத்தத் தூக்கிக் காட்டுறாங்களே மேடம்?"

"ஜெரோம்தான் தூக்கச் சொல்லியிருப்பான். இல்லன்னா படம் நல்லா வராதும்பான். அதையும் சேத்து எழுதும்மா."

அவள் சிரித்துக்கொண்டே சேர்த்து எழுதினாள். இப்படித்தான் நாட்கள் போயின. தாடிக்கொம்புப் பெருமாள் கோயில் கூட்டம், பூட்டுப் பட்டறைக்குள் தீப்பொறி, பேருந்து நிலையத்தில் தேங்கிய மழைத் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற கல்லூரிப் பெண்கள். ஒவ்வொருவரையும் எனக்குத் தெரிந்தது. இன்னார் மகன், இன்னார் மருமகள், இவர் அடுத்த வருடமே இறந்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பல வருடம் கழித்து நாள் முழுக்க நான் பேச ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் கேட்டதெல்லாம் டேப்பில் இருக்கிறவர்களைப் பற்றித்தான். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் காதில் இயர்போனை மாட்டிக்கொள்வாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவேன்.

ஜெரோம் வெளியே போய் எடுத்து வருவது வெறும் காட்சி. அதில் என் குரலும் இருக்காது, முகமும் இருக்காது. நான் உட்கார்ந்து வாசிப்பதை எடுக்கிற டேப் தனி.

"நீங்க வாசிச்ச டேப்பெல்லாம் எங்க மேடம்? நூறு தாண்டிட்டோம், ஒண்ணையும் காணோமே."

"வரும், வரும்" என்றேன்.

மூன்றாவது வாரம் அந்த டேப் வந்தது. டப்பா மேல் என் கையெழுத்திலேயே 'வாசிப்பு' என்று எழுதியிருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். சேலையைக்கூடச் சரிசெய்துகொண்டேன், யார் பார்க்கப் போகிறார்களோ. திரையில் முதலில் கட்டம் கட்டமாகப் புள்ளி பறந்தது. பிறகு வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை, கையில் மெழுகுவர்த்தியோடு ஒரு பையன் வந்தான். ராயப்பராஜ் அண்ணனின் பேரன், அவன் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை விழா. கோயில், மாலை, கேக், பிரியாணிப் பந்தி என்று டேப் முடிகிற வரைக்கும் அதுதான். அந்த விருந்துக்கு எனக்கு அழைப்புக்கூட வரவில்லை.

"இதுக்கு அடியில இருந்தது?" என்றாள் அறிவுச்செல்வி.

"அடியில எதுவும் இருக்காது. தினமும் இந்த ஒரே டேப்புலதான் எடுத்தோம். இன்னைக்கு எடுத்தத அழிச்சு அது மேலயே நாளைக்கு. கடைசி நாள் வாசிச்சதாவது இருக்கும்னு நெனச்சேன்."

"பதினாலு வருஷத்தையுமா? எவன் மேடம் இந்த அறிவுகெட்ட வேலையப் பாத்தது? ஓனரா?"

அவளாகவே 'உரிமையாளரின் முடிவால் வாசிப்புப் பதிவுகள் அழிக்கப்பட்டன' என்று அடித்துக்கொண்டாள். செத்துப்போனவர் வந்து மறுக்கவா போகிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த அறிவுகெட்ட வேலையைப் பார்த்தது நான். ஆரம்பித்த இரண்டாவது மாதமே, டேப் பற்றாமல் ஜெரோம் திண்டாடியபோது, "தினமும் அதே மூஞ்சி, அதே சேர். இத எதுக்குண்ணே சேத்து வைக்கணும்? ஒரே டேப்புல மேல மேல எடுத்துக்கிடுவோம்" என்று சொன்னவள் நான்தான். ராயப்பராஜ் அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த யோசனையைச் சொல்லி என்னை மெச்சினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. என்னை நானே தினம் ஒரு தடவை அழித்திருக்கிறேன், அதற்கு லேபிளும் என் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் நகர்ந்து உட்கார்ந்தாள். மறுநாள் போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வீட்டில் இருந்து என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் கிளம்பிப் போனேன்.

அதற்கப்புறம் அடையாளம் சொல்வதில் எனக்குச் சுரத்து இல்லை. தெரிகிறவர்களைத் தெரியும் என்றேன், மற்றதை விட்டேன். ஏப்ரல் மாதம் ஒரு வியாழக்கிழமை 'கரண்ட் கட் – கடைக்காரர் பேட்டி' என்று ஒரு டேப் ஓடியது. 2012-ஆம் வருடத்துச் சமாசாரம். ஒரு பிரியாணிக் கடை முதலாளி கல்லாவில் உட்கார்ந்து, கறியை எப்படிப் பாதுகாப்பது, மாவு எப்படி அரைப்பது என்று பொரிந்துகொண்டிருந்தார். அப்போதுதான் கரண்ட் வந்திருக்க வேண்டும், கடையில் எல்லா விளக்கும் எரிந்தது. அவர் தலைக்குப் பின்னால், சுவரில் மாட்டிய டிவியில் ஒரு பெண் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து" என்றேன். என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அறிவுச்செல்வி நிறுத்தினாள். "முதலாளியத் தெரியுமா மேடம்?"

"பின்னால பாரு. டிவியில."

அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். "யாரோ ஒரு லேடி நியூஸ் வாசிக்கிறாங்க. யாரு மேடம் அது?"

இரண்டு மாதம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். "நான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "ஐயோ மேடம்!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பெரிதாக்கி மறுபடி ஓடவிட்டாள். மெரூன் சேலை, காதில் அம்மாவின் தோடு. நாற்பத்தொன்பது வயதில் நான் இம்புட்டு நிமிர்ந்து உட்காருவேனா என்று இருந்தது. சந்தோஷத்தில் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

"அங்க பாருங்க, ஒருத்தர் நீங்க வாசிக்கிறதத்தான் கேக்குறாரு" என்றாள்.

டிவிக்குக் கீழே, மேசை துடைக்கிற ஒரு ஆள் ஈரத்துணியோடு அண்ணாந்து நின்றார். முதலாளி தொடர்ந்து பேசிக்கொண்டிருந்ததால் என் குரல் கேட்கவில்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் மட்டும் "…நல்லடக்கம் நாளை மாலை நான்கு மணிக்கு" என்று கேட்டது. என் குரல்தான். உடனே அந்த ஆள், சாப்பிட வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியை இழுத்து, முதலாளி முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். துணி கையிலேயே இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மொத்தம் பதினோரு விநாடி. ஜெரோம் கேமராவைத் திருப்பிவிட்டான்.

"யாரு மேடம் இவரு?"

"தெரியல."

"செத்தது யாரு? என்ன பேரு வாசிச்சீங்க?"

"தெரியலம்மா." ஊர் முழுக்கத் தெரிந்தவள் என்று அத்தனை நாள் பீற்றிக்கொண்டவள் நான். தினமும் ஐந்தாறு பெயர் வாசித்திருக்கிறேன். அதைக் கேட்டு ஒருவர் எப்படி உட்கார்ந்துபோவார் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அறிவுச்செல்வி மறுபடியும் ஓடவிட்டாள். "அவரு உக்காரும்போது நீங்களும் தலை குனியிறீங்க மேடம், பாருங்க. இறந்தவருக்கு மரியாதை மாதிரி. எவ்வளவு அழகா இருக்கு!" அவள் கண் கலங்கியிருந்தது. விரல்கள் ஓடின: 'செய்தி வாசிப்பாளர் இறந்தவருக்காகத் தலை குனிகிறார்.'

திரையில் என் தலை ஒரு விநாடி குனிந்து நிமிர்ந்தது. நெஞ்சுக்கு மேலேதான் படம். மேசைக்குக் கீழே இருந்தது தெரியாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். வாசிப்பை ஆறு மணிக்கு எடுப்போம். ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால்தான் துணைக்கு இருக்கிற பக்கத்து வீட்டுப் பெண் கிளம்புவதற்குள் அம்மாவிடம் போக முடியும். சாவுப் பட்டியல் கடைசியில் வரும். அது வந்துவிட்டாலே என் கண் மேசைக்கடியில் இருக்கிற கைக்கடிகாரத்துக்குப் போய்விடும். தினமும். பெயர்களை நான் எவ்வளவு வேகமாக ஒப்பித்திருப்பேன் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது.

அவள் எழுதியது அப்படியே இருந்தால் எனக்கு நல்லதுதான். மறுத்துச் சொல்ல உலகத்தில் ஆள் இல்லை. நூறு வருஷம் கழித்துப் பார்க்கிறவர்கள் என்னை நல்ல மனசுக்காரி என்பார்கள். ஆனால் அந்த ஆள் அங்கே துணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை வைத்துக்கொண்டு அந்தப் பொய்யை விட்டுவைக்க என்னால் முடியவில்லை.

"தலை குனியலம்மா. மணி பாத்தேன்" என்றேன்.

அவள் விரல் நின்றது. பஸ்ஸைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் சொன்னேன். வாசிப்பு டேப்பை அழிக்கச் சொன்னது நான்தான் என்பதையும் அந்த மூச்சிலேயே சொல்லிவிட்டேன். ஒன்றைச் சொன்ன பிறகு மற்றதை வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. அவள் முன்பு எழுதிய இரண்டையும் அழித்துவிட்டு, 'கடை ஊழியர், பெயர் தெரியவில்லை, தொலைக்காட்சியில் மரணச் செய்தி கேட்டு உட்காருகிறார். வாசிப்பாளர் கடிகாரம் பார்க்கிறார்' என்று மெதுவாக அடித்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "வாசிப்பாளர்னு மட்டும் விட்டுறவா மேடம்? பேரு போடணும்னு கட்டாயம் இல்ல."

"போடும்மா" என்றேன். "இத விட்டா நான் வேற எங்கயும் இல்ல."