பங்கு பிரித்த பிள்ளைகள்

மார்ட்டின் திருநாள் விருந்துக்கு மறைமாவட்ட ஆயர் வருகிறார் என்று தெரிந்த நாள் முதல் ஓர்ட்லீபுக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. ஆயர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. ஆயருடைய தங்கையின் பரிவாரத்தில் ஹாத்விக் வருகிறாள். ஓர்ட்லீபின் ஒரே மகள். ஏழு வயதில் கோவேறு கழுதை மேல் ஏற்றி அனுப்பியதோடு சரி, அதன் பிறகு அவர் அவளைப் பார்க்கவே இல்லை.

ஓர்ட்லீப் லேசுப்பட்ட ஆள் இல்லை. பிரபு கெப்ஹார்டின் மது அதிகாரி. மைன் நதிக்கரைத் திராட்சைத் தோட்டங்கள் முழுக்க அவர் பொறுப்பு. விருந்தில் பிரபுவின் கோப்பையை நிரப்பும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். வாள் உண்டு, குதிரை உண்டு, குன்றின் மேல் கல் வீடு உண்டு. இத்தனை இருந்தும் அவர் பிரபுவின் உடைமை. அவர் மனைவி ரிஹென்சா ஆயரின் உடைமை. இப்படி இரண்டு எஜமானர்களின் ஆட்கள் கல்யாணம் செய்துகொண்டால் பிள்ளைகளைப் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். மூத்தது தாயின் எஜமானருக்கு, அடுத்தது தகப்பனின் எஜமானருக்கு. இவர்களுக்கு அடுத்தது பிறக்கவே இல்லை. ரிஹென்சா மகள் பெயரைச் சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தாள். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மகராசன் நன்றாக இருக்கட்டும்.

இந்த வருடம் புது மது நன்றாக அமைந்த சந்தோஷத்தில் பிரபு வாக்குக் கொடுத்திருந்தார். “உம் பொண்ண வாங்கிட்டு, பதிலுக்கு நம்ம ஆளுங்கள்ல ஒரு பொண்ண ஆயருக்குக் குடுத்துடுறேன். விருந்துல எனக்கு மது ஊத்துறப்ப நீயே வாயத் தொறந்து கேளு. சபையில கேட்டாத்தான் செல்லும்.”

யாரைக் கொடுப்பார் என்று பிரபு சொல்லவில்லை. ஓர்ட்லீபும் கேட்கவில்லை.

திருநாளன்று காலை, நிலவறையில் பீப்பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. இடுப்பில் ஒரு பையன், முன்னால் சரிந்த வயிறு. நெற்றி அப்படியே ரிஹென்சாவின் நெற்றி.

“ஹாத்விக்,” என்றார். “எவ்வளவு வளந்துட்ட.”

“பின்னே, அப்படியேவா இருப்பேன்?” சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “நெதம் பிரபு காதுகிட்ட நிக்கிற ஆளு நீங்க. ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா அப்பா?”

“வருஷா வருஷம் கேட்டேம்மா. இப்பத்தான் அவர் காதுல ஏறியிருக்கு.” விஷயத்தை மூச்சு விடாமல் சொன்னார். அவள் முகம் மலரும் என்று காத்திருந்தார்.

அவள் பையனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “இவனும் எங்கூட வருவானா?”

ஓர்ட்லீப் இதை யோசித்திருக்கவே இல்லை. அவளுடைய கணவன் பிரபுவின் ஆள். ஆயரின் ஊரில் படகுச் சுங்கத்தில் பிரபுவின் பங்கை வசூலிப்பவன். அதே வழக்கம்தான் அவர்களுக்கும். மூத்தவன் பிறக்கும்போதே ஆயருக்கு என்று ஆகிவிட்டான்.

“நான் இங்க வந்தா வயித்துல இருக்கிறது எங்கூட, இவன் அங்க,” என்றாள். “வரலேன்னா, வயித்துல இருக்கிறது உங்க பிரபுவுக்கு. ஏழு வயசுல மூட்ட கட்டணும். எப்படிப் பாத்தாலும் ஒன்னு போயிடும்.”

“அப்ப நான் என்னம்மா செய்ய?”

“கேக்காதீங்க.” நெடுநாள் யோசித்து வைத்திருந்தவள்போலச் சொன்னாள். “இவனுக்கு அங்க என்னை விட்டா நாதியில்ல. எனக்கு அப்படித்தான் இருந்துச்சு அப்பா. அழுதா தட்டிக் குடுக்க ஒரு கை இல்ல. ஆனா வயித்துல இருக்கிறது இங்க வந்தா, நீங்க இருப்பீங்க. இருப்பீங்கல்ல?”

அறுபதைத் தாண்டிய மனிதர். “இருப்பேன்,” என்றார்.

விருந்தில் வறுத்த பெருவாத்துகள் வந்தன, ஆயரின் ஆசி வந்தது. ஓர்ட்லீப் கோப்பையை நிரப்பக் குனிந்தார். பிரபு முழங்கையால் இடித்தார். “என்னய்யா, நாக்கு ஒட்டிக்கிச்சா? கேளு.”

“ஒன்னும் வேண்டாம் பிரபு.”

“கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? இத்தன வருஷமா என் உசுர வாங்கிட்டு.”

ஓர்ட்லீப் கோப்பையை விளிம்பு வரை நிரப்பிவிட்டுப் பின்வாங்கினார். பெண்கள் வரிசையில் ஹாத்விக் பையனுக்கு ரொட்டியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் பரிவாரம் ஆற்றங்கரைப் பாதையில் போனது. ஓர்ட்லீப் கோட்டை மதிலில் நின்றார். மகள் போகிறாளே என்று அழத்தான் ஏறி வந்திருந்தார். ஆனால் நினைப்பெல்லாம் அந்த வயிற்றின் மேலேயே இருந்தது. அந்தப் பிள்ளை வரும்போது தாயை விட்டு அழுதுகொண்டுதான் வரும். அவருக்குத் தெரியாததா? தெரிந்தும், சீக்கிரம் வரட்டும், நான் இருக்கும்போதே வரட்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. சீ, இப்படியும் ஒரு மனமா என்று தன்னையே திட்டிக்கொண்டார். மனம் கேட்கவில்லை.