கிண்ணத்துக்கு இரண்டு மதிப்பெண்

1

இந்தக் கதை ஒரு பூஜ்யத்திலிருந்து பிறந்தது. ஒரு விடைத்தாளில், பதினேழாம் கேள்விக்கு நேரே, சிவப்பு மையில் போட்ட பூஜ்யம். விடை எழுதியவள் துணி தேய்க்கும் கடையில் வேலை பார்க்கும் நாற்பத்தாறு வயதுக்காரி. ஞாயிற்றுக்கிழமை இலக்கிய வகுப்பில் எல்லோருக்கும் அவள் இஸ்திரியக்கா. பூஜ்யம் போட்டவர் ஒரு பேராசிரியர். அந்த ஆளை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

2

முதல் தொடக்கம்: 'மின்விசிறி சுழலாத வகுப்பறையின் கடைசி பெஞ்சில் அவள் ஒடுங்கி

வேண்டாம். கடைசி பெஞ்சு என்றதும் நீங்கள் அவளுக்காக உச்சுக்கொட்டத் தொடங்கிவிடுவீர்கள். அவள் உட்கார்ந்தது முதல் பெஞ்சில். வாரத்தில் ஆறு நாள் நின்றே பிழைப்பவள், ஏழாம் நாள் உட்காரக் கிடைத்தால் நல்ல இடமாகத்தான் பார்ப்பாள்.

இரண்டாம் தொடக்கம், பாடத்திலிருந்து. நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கச் சிறுகதைகள், நவீனத்துவம். கதையில் ஒன்றுமே நடக்காது. ஆனால் எல்லாமே நடந்துவிட்டதாகத் தேர்வில் எழுத வேண்டும். அதில் ஒரு கதை நான்கே பக்கம். (பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நோட்ஸ் தேடிக் கிளம்பிவிடுவீர்கள்.) மர ஆலையில் வேலை செய்யும் ஒருவன் வீட்டுக்கு வருகிறான். மனைவி சட்டை தேய்த்துக்கொண்டிருக்கிறாள். கிண்ணத்தை எடுத்து வாயில் வைத்துவிட்டு மேசையில் வைக்கிறாள். "வடக்கே வேலை கிடைத்திருக்கிறது, நீயும் வருகிறாயா?" என்று கேட்கிறான். அவள் பேசவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அவ்வளவுதான் கதை.

கேள்வி: 'மனைவியின் மௌனம் எதைக் குறிக்கிறது?' பத்து மதிப்பெண். நோட்ஸில் இருக்கும் விடை: மௌனம் நவீன மனிதனின் வெறுமை, தேய்ப்புப்பெட்டி இயந்திர நாகரிகம், கிண்ணம் ஆன்மாவின் தாகம். கிண்ணத்துக்கு மட்டும் இரண்டு மதிப்பெண்.

3

இஸ்திரியக்கா எழுதியதை அப்படியே தருகிறேன்:

'அந்த அம்மாவின் வாயில் தண்ணீர் இருக்கிறது. துணியில் தெளிக்க வைத்திருக்கிறார். தெளிக்கிற பாட்டில் வருவதற்கு முன்பு நானும் அப்படித்தான் தொழில் பழகினேன். ஒரு வாய்த் தண்ணீர் ஒரு சட்டை முதுகுக்குச் சரியாக இருக்கும். அதுவரை கணவர் பொறுத்திருக்கலாம். இத்தனை வருடம் குடித்தனம் செய்தவருக்கு அது தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் அந்த நேரம் பார்த்துக் கேட்டார். பதில் வேண்டாம் என்று கேட்ட கேள்வி அது.'

[துப்பிவிட்டோ விழுங்கிவிட்டோ பேசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பிற்பாடு கேட்டேன். "விழுங்குறதுக்குள்ள அவர் தொப்பிய எடுத்துட்டாரே சார்" என்றாள்.]

இதற்குத்தான் பூஜ்யம். பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு: 'பாடத்தோடு தொடர்பில்லை.' தொடர்பில்லையாம். பன்னிரண்டு வருடமாக அந்தக் கதையை நடத்துகிற மனிதர், கிண்ணம் ஏன் வாய்க்குப் போனது என்று ஒரே ஒரு நாள் யோசித்திருப்பாரா? தன் கைக்குட்டையைத் தானே தேய்த்திருப்பாரா? ஆன்மாவின் தாகம்வரை எட்டிப் பார்த்தவருக்கு வாயிலிருந்த தண்ணீர் தெரியவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

4

இவ்வளவு நேரமும் பேராசிரியர், பேராசிரியர் என்று யாரையோ திட்டுவதுபோல் திட்டினேன். அந்தச் சொல்லை அடித்துவிட்டு எழுதுகிறேன்: நான்.

நோட்ஸும் நான் எழுதியதுதான். ஏழாம் பதிப்பு ஓடுகிறது. மணி அடித்த பிறகு, புத்தகத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டே "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்கிறவனும் நான்தான். இந்தக் கதையை நடத்திய அன்றைக்கு அவள் எழுந்து நின்றாள். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

5

மூன்று மதிப்பெண் குறைந்து அவள் தேறவில்லை. தேறினால் பட்டம், ஒரு பள்ளியில் ஆசிரியை வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள், நாளைக்குள் தேர்ச்சித் தாளைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தம்பியின் கடையில் அதே மேசை. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தாள். தாள் என்னிடமே திரும்பி வந்தது. திருடன் கையில் சாவி கொடுப்பது எங்கள் அலுவலகத்துக்குப் புதிதல்ல.

படிவத்தில் இரண்டு கட்டங்கள். 'கருணை மதிப்பெண்' என்பதில் ஒரு கோடு போட்டால் போதும், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். 'மதிப்பீட்டில் பிழை' என்றால் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அந்தக் கேள்விக்கு எல்லோர் தாளையும் திருத்த வேண்டும். ஏழு பதிப்புக்கும் பதில் சொல்ல வேண்டும்.

முடிவு (அ): ஆசிரியர் அறையில் அவளைக் கூப்பிட்டு நல்ல செய்தி சொல்கிறேன்.

"கருணையில மூணு மார்க் போட்டுடறேன்மா. பாஸாயிடுவீங்க."

"நான் எழுதினது தப்பா சார்?"

"தப்புன்னு சொல்லல."

"அப்ப சரியா?"

"அது வேற விஷயம். உங்களுக்கு வேலைதானே முக்கியம்?"

"வேலை வேணும் சார். மூணு வருஷமா ஞாயித்துக்கிழமையெல்லாம் வந்தது அதுக்குத்தான். ஆனா கருணை எதுக்கு? தப்புன்னா சைபராவே இருக்கட்டும். சரின்னா பத்து போடுங்க. நாளைக்கு ஒரு பிள்ளை என்கிட்ட இப்படி எழுதிக் கொடுத்தா நான் என்ன போடறதுன்னு எனக்குத் தெரியணுமில்ல?"

குரல் உயரவில்லை. எனக்குத்தான் காது சுட்டது. இது நான் கற்பனை செய்த முடிவு அல்ல. இன்று பிற்பகல் மூன்றரைக்கு நடந்தது.

முடிவு (ஆ): 'அவன் பேனாவை எடுத்து இரண்டாவது கட்டத்தின்மேல்

இந்த வரி இப்படியே நிற்கிறது. நான் இதையெல்லாம் கதையாக எழுதிக்கொண்டிருப்பதை, இன்னும் எதிரே உட்கார்ந்திருந்த அவளிடம் சொன்னேன். இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிடுவதுதான் முறை, அதுதான் நாகரிகம் என்றும் சொன்னேன். பன்னிரண்டு வருடம் வகுப்பில் சொன்ன வாக்கியம், தடங்கலில்லாமல் வந்தது.

"வாசகர் கையெழுத்துப் போட முடியாதுல்ல சார்" என்றாள்.

படிவத்தைத் திருப்பி, கட்டங்கள் என் பக்கம் இருக்கும்படி வைத்தாள். அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும்.