பதில் காத்திருந்த நேரம்

“பொய் சொல்லாதீங்க அக்கா. அதுக்குள்ளயா?”

“நீ டம்ளரைக் கவுத்துட்டு லிஃப்ட் கிட்டப் போறதுக்குள்ள பதில் வந்துடுச்சு யாதகிரி.”

“வந்துட்டு என்ன பண்ணுச்சு?”

“உனக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு.”

யாதகிரி சிரித்தான். “ஐயோ பாவம். சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு உஸ்மானியா பிஸ்கட் வாங்கிட்டு வந்திருப்பேனே.”

எப்போதும் போல ஸ்வரூபாவும் சிரித்திருக்க வேண்டும். அவள் தன் திரையை அவனுக்குத் தெரியாதபடி கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

மாதாபூரில் அந்த மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தின் கணக்குகள் எல்லாம் போன உகாதி வரை கீழ்த்தளத்து அறையில், இரைந்துகொண்டே இருக்கும் கணினி இயந்திரங்களில் கிடந்தன. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பெரிய கேள்வி கேட்டால் அவற்றுக்கு மூச்சுத் திணறிவிடும். அதனால் ஸ்வரூபாவின் கீழிருந்த ஐந்து பேர் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. கேள்வி கேட்டவர் தன் மேசையில் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைப்பார். அது நிமிரும் வரை மற்றவர்கள் விசைப்பலகையைத் தொடக்கூடாது. ஐந்து பேரும் கீழே இரானி டீக்கடைக்குப் போவார்கள். பாதி டீயில் யாராவது, “ஆமா, எந்த வருஷத்துக் கணக்கைக் கேட்ட?” என்பார்கள். கேட்டவன் தலையில் அடித்துக்கொண்டு மேலே ஓடுவான். இப்படி எத்தனையோ தவறுகள் அந்தக் கடையில்தான் பிடிபட்டன.

கிளவுடுக்கு மாற வேண்டும் என்று சண்டை போட்டவள் ஸ்வரூபாதான். இப்போது கணக்குகள் யாரும் பார்த்திராத ஏதோ ஓர் இடத்தில் இருந்தன. ஊற்ற ஊற்றக் கரை பின்வாங்கும் ஏரியைப் போல அந்தக் கிடங்கு வேண்டிய அளவு விரிந்தது, வேலை முடிந்ததும் சுருங்கிக்கொண்டது. ஐந்து பேர் ஒன்றாகக் கேட்டாலும் ஐந்து பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னது. ஒரு முழு நாள் வேலை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்தது. “இனிமே நம்ம இன்ஜினியர்கள் எதுக்காகவும் காத்திருக்க வேண்டாம்” என்று அவள் கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். யாதகிரியின் கை மட்டும் பழையதை மறக்கவில்லை. கேள்வியை அனுப்புவான், டம்ளரைக் கவிழ்ப்பான், கீழே இறங்கிவிடுவான்.

இன்று காலை மேலாளர் சக்ரதர் அவளை அறைக்குள் அழைத்திருந்தார்.

“ஸ்வரூபா காரு, நீங்க கொண்டு வந்த கிளவுட், மேல்தளத்துப் பெரியவங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கும்மா. ஆளுக்கு எவ்வளவு நேரம் மிச்சமாச்சுன்னு எடுத்துக் குடுங்க. அஞ்சு மணிக்கு அனுப்பணும்.”

“மிச்சமான நேரத்தை என்ன சார் பண்ணப் போறாங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. “அதைத்தான் யோசிக்கிறாங்க. அப்புறம், பதில் வந்ததுக்கும் ஆளு அதைத் திறந்து பார்த்ததுக்கும் நடுவுல இருக்கே, அந்த நேரத்தையும் தனியாப் போட்டுடுங்க.”

பழைய இயந்திரம் எல்லாவற்றையும் மறந்துவிடும். கிளவுடோ யார் கேட்டது, எப்போது கேட்டது, பதில் எவ்வளவு நேரம் தனியாக உட்கார்ந்திருந்தது என்று எதையும் மறப்பதில்லை. சக்ரதர் சொன்ன கணக்கை அவள் கேட்டாள். விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் ஐந்து பேரின் கணக்கும் வந்து நின்றது. யாதகிரியின் பெயருக்கு எதிரே, பதில் காத்திருந்த நேரத்தைக் காட்டும் சிவப்புக் கோடு திரையின் விளிம்பைத் தாண்டிப் போயிற்று. அவன் மனைவி நிறைமாதமாக இருந்தாள். ஆஸ்பத்திரிச் செலவு இந்த வேலையின் காப்பீட்டை நம்பித்தான் இருந்தது; வேலை போனால் அதுவும் போய்விடும்.

இதே கேள்வியை இதற்கு முன் யாராவது கேட்டிருக்கிறார்களா என்று அவள் பழக்கத்தில் தேடிப் பார்த்தாள். கேட்டிருந்தார்கள். போன வாரமே, மேல்தளத்திலிருந்து, அவளுக்குத் தெரியாத ஒருவர். அதில் ஆறு பெயர்கள் இருந்தன. ஆறாவது பெயர் அவளுடையது.

“அக்கா, என்ன ஆச்சு? முகமே சரியில்ல.”

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். அவன் குனிந்து படித்தான். தன் பெயரிலிருந்து கோட்டின் வழியே விரலை ஓட்டிக்கொண்டே போய், திரை முடிந்த இடத்தில் நிறுத்தினான்.

“இதுல டீ குடிச்சதுன்னு எங்கயும் போடலையே.”

“அதுக்கு அது தெரியாதுடா.”

“தப்புக் கண்டுபிடிச்சதும் தெரியாதா?”

ஜன்னலுக்கு வெளியே துர்கம் ஏரியின் மேல் மேகம் இறங்கியிருந்தது. தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. சக்ரதர் தன் கண்ணாடி அறையிலிருந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் ஸ்வரூபாவின் விரல் இருந்தது.

யாதகிரி தன் மேசையிலிருந்து டம்ளரை எடுத்து வந்து, அவளுடைய மேசையில் சத்தமில்லாமல் கவிழ்த்து வைத்தான். பக்கத்து மேசைகளில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சுற்றிலும் விசைகள் தட்டப்படும் சத்தம் நிற்கவும் இல்லை. அவன் லிஃப்ட் வரை நடந்து போய், கதவு மூடாதபடி காலை வைத்துக்கொண்டு திரும்பி நின்றான். கதவு அவன் காலில் இடித்துத் திறந்தது, மறுபடி இடித்தது.

“அக்கா, ஒரே ஒரு டீ. குடிச்சுட்டு வந்து அனுப்பலாம். வாங்களேன்.”