குங்குமத்தின் மேல் பழி

ஆடிட்டர் சீனிவாசராகவனின் புதுக் கம்ப்யூட்டர் எப்போது உயிரை விடும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கணக்கு அடித்துக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகும். இல்லையென்றால் அப்படியே உறைந்துபோகும். அதைக் கடையில் பூட்டிக் கொடுத்த ரூபினி இரண்டு முறை வந்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுப் பார்த்தாள். மறுநாளே மறுபடியும் நீலம்.

இன்று கிளம்பும்போது கடை முதலாளி சந்திரசேகரன் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டார்: சரியாகவில்லை என்றால் கடைப்பக்கம் வர வேண்டாம், அசெம்பிள் செய்யப் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். பொம்மனஹள்ளியில் அவள் வீட்டில் பி.எஸ்சி. முடித்த முதல் ஆள் அவள்தான். இந்த வேலை போனால், அம்மா தைக்கும் கார்மெண்ட்ஸில் அவளுக்கும் ஒரு ஸ்டூல் காத்திருந்தது.

மல்லேஸ்வரம் ஆபீஸில் நுழைந்ததும் அவள் அப்பா என்ன செய்கிறார் என்று ஆடிட்டர் விசாரித்தார். போன தடவையும் இதையேதான் கேட்டார். லோடு ஏற்றுகிறார் என்று சற்று உரக்கச் சொல்லிவிட்டு கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். தான் பூட்டியதில் தப்பிருக்காது என்ற திமிரில் இதுவரை அதைத் திறக்கவே இல்லை.

உள்ளே, மெமரி ஸ்லாட் வரைக்கும் சந்தனமும் குங்குமமும். கம்ப்யூட்டர் வந்த மறுநாள் ஆயுதபூஜை. வெளியே பொட்டு வைத்தது போதாதென்று திறந்து உள்ளேயும் வைத்திருக்கிறார்கள்.

“மிஷின் வயித்துக்குள்ள எல்லாம் பொட்டு வைப்பாங்களா சார்? படிச்சவங்கதானே நீங்க?”

ஆடிட்டரின் அசிஸ்டெண்ட் ஸ்னேஹா தலையைக் குனிந்துகொண்டாள்.

பிரஷ்ஷால் தட்டி, மெமரி ஸ்டிக்குகளின் பித்தளை நிற முனைகளை ரப்பரால் தேய்த்துப் பூட்டி, சோதனை ஃப்ளாப்பியைப் போட்டாள். திரையில் பிழை காட்டும் சிவப்புக் கோடுகள். ஒவ்வொரு ஸ்டிக்காக வைத்துப் பார்த்தாள். ஒன்று சுத்தம். மற்றதை வைத்ததும் சிவப்பு கொட்டியது. பூட்டுகிறவர் ஒவ்வொரு ஸ்டிக்கிலும் தன் முதலெழுத்தை மார்க்கரில் எழுதி வைப்பது கடை வழக்கம். நல்ல ஸ்டிக்கில் அவள் எழுத்து இருந்தது. கெட்டதில் அது இல்லை. வேறு ஏதோ கடையின் பாதி சுரண்டிய வாரண்டி ஸ்டிக்கர்தான் இருந்தது. அவள் பூட்டிக் கொடுத்த பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

முன்னறை போனிலிருந்து முதலாளியைக் கூப்பிட்டு, ஸ்டிக்கை மாற்றினீர்களா என்று கேட்டாள். அவர் மறுக்கக்கூட இல்லை.

“குங்குமம்னு சொல்லிடும்மா. அவரே நம்பிடுவார். புது ஸ்டிக்குக்குப் பில் போட்டுக்கலாம். உன் வேலையும் போகாதுல்ல.”

ரிசீவரை வைத்துத் திரும்பினால், ஆடிட்டர் தன் அறை வாசலில் நின்றிருந்தார். குரல் இறங்கியிருந்தது.

“எங்க பூஜைதான் கெடுத்துடுத்தாம்மா? ஸ்னேஹா வேண்டாம்னுதான் சொன்னா. நான்தான் கேக்கலை.”

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்பாவைப் பற்றி இரண்டு தடவை விசாரித்த மனிதர் அவள் முன்னால் கூனிக் குறுகி நிற்கிறார். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

“இல்ல சார். நான் கத்தினது தப்பு. ஸ்டிக்கே பழசு. கடையில மாத்தி வெச்சு அனுப்பியிருக்காங்க.”

அவர் நிமிர்ந்தார். அதைச் சந்திரசேகரனிடமே சொல்லத் தயாரா என்று கேட்டார். ஆடிட்டரின் பழைய குரல் திரும்பியிருந்தது. ரூபினி மறுபடி நம்பரை அழுத்தினாள்.

“அண்ணா, ரூபினி பேசறேன். சார் பக்கத்துலதான் இருக்காரு. ஸ்டிக்க மாத்தினதைச் சொல்லிட்டேன்.”

எதிர்முனையில் லைன் துண்டானது.

ஆடிட்டர் அவள் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டு, வேறு கடை நம்பர் இருக்கிறதா என்று ஸ்னேஹாவைக் கேட்டார். ரூபினியை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.