மூச்சு வாங்கும் டீச்சருக்கு எத்தனை வயது வைப்பது?

1.

இந்தக் கதை ஆஸ்பத்திரி வரிசையில் பிறந்தது. நான் போனது பல் பிடுங்க. எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பல்லை விட்டுவிட்டுக் கதையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் வரி: மாலைச் சூரியன் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே... (வேண்டாம். அங்கே ஜன்னலே கிடையாது.)

2.

கதாநாயகி கார் ஓட்டக் கற்றுத்தரும் டீச்சர். வயது நாற்பத்தாறு என்று வைத்தேன். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றதும் டாக்டர் பதறிப்போய் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று எழுதித் தள்ளினார். கதை அரைப் பக்கத்தில் முடிந்துபோனது. [சிக்கலே இல்லாத கதையை யார் படிப்பார்கள்?] வயதை எழுபத்தாறு ஆக்கினேன். வேறெதையும் தொடவில்லை. அதே மாடி, அதே மூச்சு.

டாக்டர் நாற்காலியை, டீச்சருடன் வந்திருந்த மகள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அம்மா நல்லா சாப்பிடறாங்களா?"

"வாய் எனக்கும் இருக்கு. என்னையே கேளுங்க," என்றார் டீச்சர்.

"வயசாச்சுல்ல, இதெல்லாம் அப்படித்தான் இருக்கும்," என்றார் டாக்டர், மகளிடம்.

டீச்சருக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. நேற்று பாதி மாடி ஏறுவதற்குள் படியிலேயே உட்கார வேண்டியதாகிவிட்டது.

3.

எனக்கே பொறுக்கவில்லை. "பழையபடி நாற்பத்தாறு ஆக்கிடறேன். டெஸ்ட் எடுத்துட்டு வந்துடுங்க," என்றேன் டீச்சரிடம்.

"மிச்ச முப்பது வருஷத்த எங்க கொண்டுபோய் வைப்பீங்க? என் பேரப்பிள்ளைங்க எல்லாம் அதுலதான் இருக்காங்க. அந்த ஆள மாத்துங்க."

சரியென்று டாக்டருக்கு எண்பது வயது கொடுத்தேன். எழுந்து நின்றவருக்கு மூச்சு வாங்கியது. நர்ஸைக் கூப்பிட்டார்.

"உடனே எனக்கு ஒரு ஸ்கேன் ஏற்பாடு பண்ணும்மா."

"எனக்கு?" என்றார் டீச்சர்.

"அவங்களுக்கு வயசாச்சுல்ல," என்றார் டாக்டர், மகளிடம்.

(நாய் வாலை நிமிர்த்தப் புறப்பட்டவன் நான்.)

4.

முடிவு ஒன்று: டாக்டர் மனம் திருந்தி... (நானே நம்பவில்லை.)

முடிவு இரண்டு: மறுநாள் காலை மாடிப்படியில் டீச்சர்... (எழுத மாட்டேன். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.)

ஆகவே டீச்சர் இன்னும் அறைக்குள்தான் இருக்கிறார். "டெஸ்ட் எழுதற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்," என்கிறார். கிளம்ப எழுந்த மகளும் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் என்ன கேட்டாலும், "அம்மாகிட்டயே கேளுங்க," என்கிறாள்.

பொறுமையிழந்த டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொல்லிவிட்டார். அது உங்களுடையது. வெளியே வெகுநேரமாகக் காத்திருக்கிறீர்கள், தெரியும். உள்ளே வருகிறீர்களா, முதலில் டீச்சரைப் பார்த்து முடிக்கட்டும் என்கிறீர்களா?