கோமாரியில் மூன்று நாள் சும்மா

மருதமுனை கச்சிமுகம்மதுவுக்கு அறுபத்தேழு வயதாகும்வரை, தான் ஒரு தீவில் குடியிருக்கிற விஷயமே தெரியாது. கத்தாரிலிருந்து மகள் நஜ்லா போனில் சொல்லித்தான் தெரிந்தது.

"வாப்பா, ஒங்களுக்கும் உம்மாக்கும் தீவு விடுமுறை ஒண்டு புக் பண்ணிரிக்கன். மூண்டு நாள். கடல், தென்னமரம், கட்டித் தொங்குற வலை ஊஞ்சல். ஒரு வேலயும் இல்ல. முழு ஓய்வு."

"எந்தத் தீவு மகள்? பிளேன்லயா போற?"

"கோமாரி வாப்பா. பொத்துவில் பஸ்ஸில ஏறினாச் செரி. இலங்கையும் தீவுதானே."

ஓய்வு என்ற சொல்லைக் கேட்டதும் பக்கத்தில் நின்ற மனைவி மைமூனா சிரித்துவிட்டாள். கச்சிமுகம்மது முப்பது வருடம் சாரன் துணி மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரே மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராய்ப் போய் விற்றவர். வியாபாரத்தை விட்டு ஏழு வருடமாகியும் மோட்டார் சைக்கிளை விடவில்லை. போன மாதம் அதோடு வாய்க்காலுக்குள் விழுந்தார். விழுந்தார் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அன்றைக்கு வாய்க்கால்தான் ரோட்டுக்கு வந்தது என்பது அவருடைய வாக்குமூலம். மைமூனா அதை ஏற்கவில்லை. வண்டியை விற்க ஆள் பிடித்துவிட்டாள்.

"ஒங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியா. அதாலதான் விழுறயள். மூண்டு நாள் ஒரு வேலயிலயும் கை வெக்காம இருந்து காட்டுங்க, நான் வண்டியப் பத்திக் கதைக்கவே மாட்டன். கை வெச்சா வந்த அடுத்த நாள் வித்துருவன்."

"கை மட்டுமில்ல, வாயும் வெக்கமாட்டன். ஆனா நீயும் சமைக்கிறன் எண்டு குசினிப் பக்கம் தல காட்டக்கூடா. காட்டினா வண்டி எனக்குத்தான்."

பந்தயம் ஹறாம் என்பதால் இதற்கு ஒப்பந்தம் என்று பெயர் வைத்தார்கள்.

கோமாரியில் கடலைப் பார்த்த ஒரு சின்ன விடுதி. முதல் நாள் அவர் வலை ஊஞ்சலில் ஏறிப் படுத்தபோது, எதிரே ஒருவன் குசினிக் கூரைக்குத் தென்னோலைக் கிடுகு வேய்ந்துகொண்டிருந்தான். தலைகீழாக வேய்ந்தான். கச்சிமுகம்மதுவுக்கு நாக்கு அரித்தது. வாய்க்கு வேறு வேலை கொடுக்க செவ்விளநீர் கேட்டார். அன்று மட்டும் பதினொன்று குடித்தார். பதினோராவதுக்கு மரம் தானாகக் குனிந்து கொடுத்தது என்று பின்னாளில் சொன்னார். அதை நாம் நம்பத் தேவையில்லை. குனிந்தது ஒன்பதாவதுக்குத்தான்.

பகல் சாப்பாட்டில் தேங்காய்ப்பால் சொதி தண்ணீராய் இருந்தது. மைமூனா ஒரு வாய் வைத்தாள், குசினிக் கதவைப் பார்த்தாள்.

இரண்டாம் நாள் அவர் அசையாமல் கிடந்த அழகில், ஒரு காகம் அவர் வயிற்றில் இரண்டு சுள்ளி வைத்துவிட்டு மூன்றாவது எடுக்கப் போயிருந்தது. அன்றைய மீன்குழம்பு மட்டும் வீட்டில் சாப்பிட்டது மாதிரியே இருந்தது. உப்புக்காற்றுக்கு நாக்கு இப்படித்தான் மயங்கும் போலும் என்று நினைத்துக்கொண்டார். மைமூனா அப்போது கடலை ரசித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள். பகல் ஒரு மணிக்கு பஸ். அதுவரை தாங்கினால் வண்டி தப்பும். அதிகாலைச் சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தார். அங்கே கரைவலை இழுபட்டுக்கொண்டிருந்தது. கடலில் வளைத்துப் போட்ட வலையை இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் நின்று கரைக்கு இழுக்க வேண்டும். அன்று பாதிப்பேர் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். தெற்குக் கயிற்றில் நாலே பேர். நீரோட்டம் வலையை வடக்கே தள்ளியது.

கச்சிமுகம்மது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார்.

"காக்கா, ஒரு கை குடுங்க!" என்று அண்ணன் முறை வைத்துக் கத்தினார் தண்டையல் தங்கரத்தினம். வலைக்கும் ஆட்களுக்கும் அவர்தான் தலைவர்.

"எனக்குக் கை இல்ல தம்பி."

"அப்ப முதுகுக்குப் பின்னால வெச்சிருக்கிறது என்ன, காலா?"

நாலு பேரும் முழங்காலில் விழுந்து மணலில் இழுபட்டார்கள். வலை போனால் ஒரு வாரப் பாடு போகும். அவர் ஒரு கணம் மோட்டார் சைக்கிளை நினைத்தார். எப்போது கயிற்றைப் பிடித்தார் என்று அவருக்கே தெரியாது. கை போன பிறகு வாய் நிற்குமா?

"தெக்கால விடாதயள்! காலப் பதிச்சு நில்லுங்கடா! இழு!"

வலையின் மடி கரையேறியது. கீரி மீனும் பாரைக்குட்டியும் வெள்ளியாய்க் குவிந்தன. அள்ளிய மீனுக்குக் கடல் ஒரு சாண் இறங்கி, அங்கே ஊர்ப்பக்கம் பெரியநீலாவணையில் தோணிகள் தரைதட்டின.

தங்கரத்தினம் ஒரு பையை நிரப்பி நீட்டினார்.

"வேணாம் தம்பி, வேணாம். நான் பிடிக்கவே இல்லயெண்டு வெச்சிக்கங்க."

"கயிறு பிடிச்ச கைக்குப் பங்கு குடுக்காட்டி அடுத்த வலை வெறும்வலை காக்கா. எங்கட வயித்துல அடிக்காதீங்க."

"இது ஒங்களுக்கு மீன். எனக்கு மோட்டார் சைக்கிள்."

தண்டையலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பையை அவர் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

முன்வாசலால் போனால் மைமூனா கண்டுவிடுவாள். குசினியின் பின்கதவால் போய், சமைக்கிற ஸுஹைறாவிடம் இரகசியமாய்க் கொடுத்துவிடலாம் என்று சுற்றி வந்தார். வழியில் ஒரு பொய்யும் தயார் செய்தார். கதவைத் தள்ளினார்.

உள்ளே ஸுஹைறா கதிரையில் வசதியாக உட்கார்ந்திருந்தாள். துருவலைப் பலகையில் அமர்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தது மைமூனா.

பைக்குள் ஒரு பாரைக்குட்டி மட்டும் துடித்தது.

"என்ன புள்ள, குசினிக்குள்ள?" என்றார் கச்சிமுகம்மது.

"நான் எங்க வந்த? தேங்காதான் வந்து துருவலயில விழுந்த," என்றாள் மைமூனா, முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல். "அது என்ன பையில?"

"கடலோரமா நடந்தன். மீன் பாஞ்சு பாஞ்சு கையில ஏறின."

"மீன் கயிறு கியிறு ஒண்டும் கொண்டு வரல்லயா? கை ரெண்டும் உரிஞ்சிரிக்கி."

ஸுஹைறாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ராத்தா முதல் நாள் பின்னேரம் அசறுக்கே வந்துட்டா காக்கா. 'இந்தச் சொதிய நான் மௌத்தானாலும் மறக்கமாட்டன், தள்ளு கா' எண்டா. அண்டையிலருந்து நான்தான் விடுமுறையில இரிக்கன்."

கச்சிமுகம்மது பையை மெல்லக் கீழே வைத்தார். "முதல் நாளா! அப்ப ஒப்பந்தம் அண்டைக்கே முறிஞ்சிட்டு. வண்டி எனக்கு."

மைமூனா எழுந்து அவர் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். தேங்காய் எண்ணெயைத் தொட்டு இரண்டு உள்ளங்கையிலும் தடவினாள். கொஞ்சம் அழுத்தியே தடவினாள்.

"வண்டி இருக்கட்டும். ஆனா பின் சீற்றுல நான் இருப்பன். வாய்க்கால் ரோட்டுக்கு வந்தா நான் முன்னமே சொல்றன்."

அந்த ஒரு மணி பஸ்ஸை அவர்கள் பிடிக்கவில்லை. மீன் பொரித்து முடிய இரண்டு மணியாகிவிட்டது. தங்கரத்தினமும் சாப்பிட வந்தார்.

இப்போது மருதமுனையில் அந்த மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் போகிறார்கள். முன்னால் இருப்பவர் ஓட்டுகிறார், பின்னால் இருப்பவர் வழி சொல்கிறார். அதன் பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு வாய்க்காலும் ரோட்டுக்கு வந்ததாகத் தகவல் இல்லை.